அம்மா ஏறிய ராட்டினம்

போன வாரம் பழைய துண்டுகள் வேண்டும் என்று என் மகள் பரணில் கிடந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாள். மறுநாள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குப் போகிறார்களாம். தண்ணீரில் சறுக்குவது, தலைகீழாகத் தொங்குவது என்று அங்கே என்னென்னவோ இருக்கிறதாம். ஆளுக்கு இரண்டு துண்டு, மாற்று உடை, குளுக்கோஸ், வாந்தி மாத்திரை என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பட்டியல் நீண்டுகொண்டே போனது. நான் பெட்டியைத் திறந்தேன். பாச்சை உருண்டையும் தகரமும் பழைய வார்னிஷும் கலந்து ஒரு மணம் வந்தது பாருங்கள், துண்டை எடுக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

அது என் அத்தாவின் கடை மணம். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். திருச்சி பெரிய கடைவீதியை ஒட்டிய சந்தில் அவருக்கு டிரங்குப் பெட்டிக் கடை. கடைக்குப் பின்னால் வீடு. விற்காத பெட்டிகள் கூடத்திலேயே அடுக்கியிருக்கும். நாங்கள் ஒளிந்து விளையாடியது, வீட்டுப்பாடம் எழுதியது, அடி வாங்கியது எல்லாம் பெட்டிகளுக்கு நடுவில்தான். என் மூக்குக்குக் குழந்தைப் பருவம் என்றால் வார்னிஷ். உங்களுக்கு மல்லிகையோ மாவிலையோ நினைவுக்கு வரலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்பது வயது. தங்கை ஜுலைகாவுக்கு ஆறு, தம்பி அப்பாஸுக்கு நாலு. ஒரு நாள் தெருவில் தம்பட்டம் அடித்தபடி ஒரு மாட்டு வண்டி வந்தது. வண்டியிலிருந்து ரோஸ் நிறத்தில் நோட்டீஸ்களை வீசினார்கள். ஒன்றைப் பிடிப்பதற்குள் என் முழங்கை சிராய்ந்தது. புத்தூர் மைதானத்தில் கார்னிவல் வந்திருக்கிறது. பெரிய ராட்டினம், குடை ராட்டினம், ஆளைக் கோணலாகக் காட்டும் கண்ணாடிகள். கடைசியில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: வியாழக்கிழமை பகல் முழுவதும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்.

அம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. குர்ஆன் ஓதுவார், அரபு எழுத்தில் எழுதிய தமிழைப் படிப்பார். தமிழ் எழுத்து என்றால் என்னைத்தான் கூப்பிடுவார். அந்தக் கடைசி வரியை மட்டும் மூன்று தரம் படிக்கச் சொன்னார்.

"பொம்பளைங்களுக்கு மட்டும்னா, ஆம்பளைங்க ஒருத்தர்கூட வர மாட்டாங்களா?"

"ராட்டினம் சுத்தறவங்க இருப்பாங்கம்மா."

"அவங்க வேலையைப் பாப்பாங்க." அம்மா நோட்டீஸை மடித்து அடுக்களை மாடத்தில் வைத்தார்.

அத்தாவிடம் கேட்டபோது அவர் எதிர்பார்த்த பதிலையே சொன்னார். "நான் ராட்டினம் பாக்காமதான் வளந்தேன். என்ன குறைஞ்சு போச்சு?" அத்தா கொடுமைக்காரர் இல்லை. நல்ல மனிதர். ஆனால் கூட்டம் என்றால் பயம். சந்தனக்கூடு சமயத்தில்கூடக் கடைக் கதவைப் பாதி சாத்திவிடுவார். அதோடு ரோஷம் ஜாஸ்தி. அந்த ரோஷத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது.

அம்மா பிறந்த ஊர் மண்ணச்சநல்லூர். காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடத்தையும் தாண்டினால் வரும் அரிசி மில் ஊர். அம்மாவின் ஒரே தம்பி, எங்கள் மாமா, அங்கே ஒரு மில்லில் நெல் அவிக்கும் பக்கத்துக்கு மேஸ்திரி. நாலு வருஷத்துக்கு முன்னால் மாமாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். வீட்டு மாப்பிள்ளையான அத்தாவை நேரில் வந்து அழைக்காமல், மில் கணக்குப்பிள்ளை திருச்சிக்கு வந்தபோது அவர் கையில் பத்திரிகையைக் கொடுத்துவிட்டார்கள். "நான் என்ன அரிசி மூட்டை வாங்க வந்தவனா?" என்றார் அத்தா. கல்யாணத்துக்குப் போகவில்லை. அம்மாவையும் அனுப்பவில்லை. அவர்களும் சமாதானத்துக்கு வரவில்லை. கல்யாணத்துக்கென்று அம்மா பெட்டியில் மடித்து வைத்த பச்சைப் பட்டுப்புடவை அப்படியே இருந்தது. நாலு வருஷம் அந்த வீட்டில் மண்ணச்சநல்லூர் என்ற பெயரையே யாரும் சொன்னதில்லை. அரிசி வாங்கும்போதுகூட அம்மா எந்த ஊர் அரிசி என்று கேட்கமாட்டார்.

சரி, கார்னிவலுக்கு வருவோம். அம்மா கெஞ்சவில்லை, அழவில்லை. திட்டம் போட்டார். மத்தியானம் என்னைப் பெட்டி மேல் உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கரீம் பாயின் ஜட்கா, இரண்டு பக்கமும் திரை கட்டியது. கூஜாவில் தண்ணீர். புளிச்சோறு, அவித்த முட்டை. தம்பிக்கு மாற்றுச் சட்டை. ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் பெயர், அத்தா பெயர், தெருப் பெயர் எழுதிய சீட்டு. அம்மாவால் படிக்க முடியாது என்ற தைரியத்தில் நான் என் பங்குக்கு இரண்டு சேர்த்தேன்: ஆளுக்கு ஒரு கலர் சோடா, ராட்டினத்தில் நாலு சுற்று.

இரவுச் சாப்பாடு ஆனதும் அத்தா முன் பட்டியலை வைத்தார் அம்மா. அத்தா பூட்டை ஆட்டிப் பார்க்கும் வாடிக்கையாளர் மாதிரி ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

"பிள்ளை கூட்டத்துல காணாமப் போனா?"

"பையில சீட்டு இருக்கு. நின்ன இடத்துலயே நிக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கேன்."

"டிக்கெட் யாரு வாங்குவா? நீ போய் நிப்பியா?"

"டீச்சரம்மா லீவு போட்டுட்டு வராங்க."

இது எனக்கே புதுச் செய்தி. ரோஸி டீச்சர் என் பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பு ஆசிரியை. மேலப்புதூரில் அவருடைய அம்மாவோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து போகும்போது எப்போதாவது எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து டீ குடிப்பார். அவரை அம்மா எப்போது பிடித்தார், எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அத்தாவுக்கு ரோஸி டீச்சரிடம் மரியாதை உண்டு. என் கணக்கு நோட்டில் அவர் போட்ட முட்டைகளை அத்தா அப்பீல் இல்லாமல் ஏற்றுக்கொள்வார்.

கேட்க எதுவும் மிச்சமில்லாமல் அத்தா பட்டியலைக் கடைசிவரை படித்தார். "கலர் சோடா... ராட்டினத்துல நாலு சுத்து... இது யாரு சொன்னது?" நான் கூரையைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார். அத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "சரி, பாப்போம்" என்றார். அவர் பாஷையில் அது சம்மதம்.

அதன் பிறகு கூடத்தில் ஒத்திகை நடந்தது. பெட்டிகள்தான் கூட்டம். அம்மா எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே நடப்பார். திடீரென்று கையை விட்டுவிடுவார். நாங்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஜுலைகா ஒவ்வொரு தரமும் அலறிக்கொண்டு அம்மாவைத் தேடி ஓடினாள். "நிக்கணும்டி! ஓடினா நீ ஒரு பக்கம் போவே, நான் ஒரு பக்கம் போவேன்." ஐந்தாவது தரம்தான் நின்றாள், அதுவும் கண்ணை இறுக மூடிக்கொண்டு.

புதன்கிழமை காலையில் அப்பாஸ் எழுந்தபோது இடது கன்னம் பூசணிக்காய் மாதிரி இருந்தது. பொன்னுக்கு வீங்கி. அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். தங்கம் பட்டால் வீக்கம் வடியும் என்று அப்போது எல்லோரும் செய்வதுதான். பிறகு மாடத்திலிருந்த ரோஸ் நோட்டீஸை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். எரிக்கவில்லை, வைத்தார். "அடுத்த தடவை வரும், அப்ப போவோம்" என்று எங்களிடம் சொன்னார். கார்னிவல் சனிக்கிழமையோடு முடிகிறது என்று நோட்டீஸில் இருந்ததை நான்தான் படித்துக் காட்டியிருந்தேன். ஜுலைகா ஒரு பெட்டிக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் பெரியவள் அல்லவா, வெளியில் நின்று அழுதேன்.

வியாழக்கிழமை. பத்து மணி இருக்கும். கடையில் இருக்க வேண்டிய அத்தா சாவிக்கொத்தோடு கூடத்துக்கு வந்து நின்றார்.

"கரீம் வண்டி வாசல்ல நிக்குது. இன்னும் கிளம்பலியா?"

அம்மா அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை வைத்தார். "பிள்ளைக்கு இப்படி இருக்கறப்ப நான் எங்கங்க போறது?"

"கடையைச் சாத்திட்டேன். நான் பாத்துக்கிறேன்."

"நீங்களா?"

"ஏன், எனக்குப் பாக்கத் தெரியாதா?"

அவர் அதுவரை அப்பாஸுக்கு ஒரு வாய்ச் சோறு ஊட்டியதில்லை. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தா சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டு, அப்பாஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "டேய், எங்கே, கன்னத்தைக் காட்டு" என்றார். அம்மா அரை நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கை கழுவப் போனார். வெள்ளைத் துப்பட்டியை உடம்பு முழுதும் போர்த்திக்கொண்டு, வெறுங்கழுத்தோடு வண்டியில் ஏறினார்.

புத்தூர் மைதானத்து வாசலில் ஒரு கம்பை நட்டு வைத்திருந்தார்கள். கம்பைவிட உயரமான பையன் ஆம்பளை, உள்ளே போகக் கூடாது. ஒருத்தி தன் மகனை முழங்காலை மடக்கி நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒரே வளையல் சத்தம். ஸ்ரீரங்கத்திலிருந்து மடிசார் மாமிகள் கூட்டமாக வந்திருந்தார்கள். கன்னியாஸ்திரீகள் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு போனார்கள். எங்களைப் போல வெள்ளைத் துப்பட்டிகள் நூறு இருக்கும். கண்ணாடி மண்டபத்தில் ரோஸி டீச்சர் தென்னை மரம் மாதிரி தெரிந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது ஜுலைகா கேட்டாள்:

"அம்மா எங்கே?"

திரும்பிப் பார்த்தோம். எங்கு பார்த்தாலும் வெள்ளைத் துப்பட்டி. எதில் அம்மா? ஜுலைகா ஒருத்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். யாரோ ஒரு கிழவி. இன்னொன்று. அதுவும் இல்லை. டீச்சர் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். காணாமல் போனால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று அம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். அம்மாவே காணாமல் போனால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. அம்மாவின் பையில் சீட்டும் இல்லை.

பெரிய ராட்டினத்துக்குக் கீழே ஒரு துப்பட்டி மட்டும் அசையாமல் நின்றது. மற்றதெல்லாம் நகர்ந்துகொண்டிருந்தது, அது நின்றது. முகம் மேலே பார்த்தபடி. ஓடினோம்.

"எங்க போயிட்டீங்க அக்கா? பதறிப் போச்சு!" என்றார் டீச்சர்.

"நான் எங்கயும் போகல. நின்ன இடத்துலயே நிக்கிறேன்" என்றார் அம்மா. கண் ராட்டினத்தை விட்டு இறங்கவில்லை. "டீச்சரம்மா, இதுல நானும் ஏறலாமா?"

ஜுலைகாவுக்குப் பயம். அவள் டீச்சரோடு கீழேயே நின்றுகொண்டாள். நானும் அம்மாவும் ஒரு தொட்டிலில் உட்கார்ந்தோம். எண்ணெய் இன்ஜின் டபடபவென்று அதிர, தரை எங்களை விட்டு இறங்கிப் போனது. நான் அம்மாவின் புஜத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். பட்டியலில் நாலு சுற்று எழுதிய வீராங்கனை நான்தான்.

ஆள் ஏற்றுவதற்காக ராட்டினத்தை நிறுத்தினார்கள். நாங்கள் உச்சியில் நின்றோம். காற்று அடித்தது. அம்மா துப்பட்டியைத் தோளுக்குத் தள்ளியது தெரிந்து கண்ணைத் திறந்தேன். அங்கே பார்க்க யார் இருக்கிறார்கள்? திறந்த வெளியில் அம்மாவின் தலைமுடி பறப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன். அம்மாவுக்கு அப்போது இருபத்தேழு வயதுதான் இருக்கும். அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

"அது மலைக்கோட்டை. அது காவிரி. ஆத்துக்கு அந்தப் பக்கம் பாரு, சீரங்கத்து மொட்டைக் கோபுரம்." திரை கட்டிய வண்டியின் இடுக்கு வழியாகத் துண்டு துண்டாகப் பார்த்த ஊரை அம்மா ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு குரல் மாறியது. "அதுக்கும் அந்தப் பக்கம்... புகை தெரியுது பாரு. கறுப்பா, நேரா. மில்லுப் புகை. நம்ம மாமா மில்லு."

நான் பார்த்தேன். தென்னையும் பனையும் வெயிலும்தான் தெரிந்தன.

"தெரியுதா?"

"தெரியுதும்மா."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "இவ்வளவு கிட்டயா இருக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ராட்டினம் அசைந்து இறங்கத் தொடங்கியதும் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நாலு சுற்றும் சுற்றினோம். ஒவ்வொரு முறை உச்சிக்குப் போகும்போதும் அம்மா வடக்கே பார்த்தார்.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் வீட்டுக்கு வந்தோம். கூடத்தில் நாங்கள் கண்டதை எழுதினால் நீங்கள் நம்பவேண்டும். கல்யாணச் சீருக்குச் செய்து வைத்திருந்த பெரிய பெட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளே இரண்டு தலையணை, நடுவில் சங்கிலி போட்ட ராஜாவாக அப்பாஸ். பெட்டியின் வளையத்தில் கயிறு கட்டி அத்தா கூடத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் கயிற்றைக் கீழே போட்டார். "இவன்தான்... ராட்டினம் வேணும்னு ஒரே அழுகை" என்றார். தரையில் பெட்டி இழுத்த கோடு வட்டமாக விழுந்திருந்தது. நாங்கள் அந்த வீட்டை விடும்வரை அந்தக் கோடு போகவில்லை.

அம்மா அத்தாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார்.

"ராட்டினத்து மேலேர்ந்து எங்க ஊர் தெரிஞ்சுச்சுங்க."

நாலு வருஷமாக யாரும் பேசாத பேச்சு. அத்தா சொம்பைக் கீழே வைத்தார். "அங்கேர்ந்து எப்படித் தெரியும்? நடுவுல ரெண்டு ஆறு இருக்கு. எவ்வளவு தோப்பு இருக்கு."

"தெரிஞ்சுச்சு. மில்லுப் புகை."

அத்தா என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா?"

பொய் சொன்னால் அத்தா பிரம்பை எடுப்பார். மற்ற எதற்கும் எடுக்கமாட்டார், பொய்க்கு எடுப்பார். அம்மா என்னைப் பார்க்கவில்லை, தரையில் இருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெறுங்கழுத்தைப் பார்த்தேன்.

"பாத்தேன் அத்தா. கறுப்பா, நேரா இருந்துச்சு."

அத்தா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிரம்பு வரவில்லை. "சரி, பிள்ளைக்கு ஏதாச்சும் குடு" என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போனார்.

அடுத்த வாரம் எனக்கும் ஜுலைகாவுக்கும் கன்னம் வீங்கியது. கண்ணாடி மண்டபத்தில் எங்களோடு உரசி நின்ற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீங்கியதோ, அல்லா மன்னிக்கட்டும். எல்லோருக்கும் வடிந்து, சங்கிலி மறுபடி அம்மா கழுத்துக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து வந்த அத்தா தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்:

"அந்தப் பச்சைப் புடவையைக் கட்டிக்க. கரீமை வரச் சொல்லியிருக்கேன்."

எங்கே என்று அம்மா கேட்கவில்லை. புடவையை எடுக்கப் போனவர் வெகுநேரம் அறைக்குள்ளேயே இருந்தார். காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, அத்தா இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கினார். மாமா வீட்டு வாசலில் வண்டி நின்றபோது உமிப் புழுதியோடு வெளியே வந்த மாமா, அத்தாவைப் பார்த்து விக்கித்து நின்றார்.

"வாங்க மச்சான்" என்ற வார்த்தை அவருக்கு வரவே இல்லை. அழுகைதான் வந்தது. அத்தா பழத்தை நீட்டினார். "முதல்ல இதைப் பிடிங்க, கை வலிக்குது" என்றார். அவ்வளவுதான் சமாதானம். யாரும் கல்யாணப் பத்திரிகையைப் பற்றிப் பேசவில்லை. உள்ளே அம்மாவும், அம்மா அதுவரை பார்த்தேயிராத மாமியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு ஒரு மாமா பெண் இருக்கிறாள் என்பதே அன்றுதான் தெரியும். இரண்டு வயது. ஜுலைகா அவளுக்குக் காணாமல் போனால் நிற்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தாள்.

அம்மா காலமாகி, எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு, ஒரு நாள் கடையில் அத்தாவோடு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொய் என் மனதில் இருந்துகொண்டே இருந்தது. சொல்லிவிட்டேன். "அத்தா, அன்னைக்கு ராட்டினத்துலேர்ந்து எனக்கு ஒரு புகையும் தெரியல."

அத்தா ஒரு பெட்டியின் கொண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "தெரியும். கடைசி நாள் நானும் போய் ஏறிப் பாத்தேன். ரெண்டு தடவை சுத்தினேன். ஒண்ணும் தெரியல."

கூட்டத்துக்குப் பயந்த என் அத்தா, சனிக்கிழமைக் கூட்டத்தில், தனியாக. "அப்புறம் ஏன் கூட்டிக்கிட்டுப் போனீங்க?"

"அவளுக்குத் தெரிஞ்சுச்சே" என்றார்.

புத்தூர் மைதானத்தில் இப்போதும் பொருட்காட்சி ஏதாவது நடக்கும். பெண்கள் நாள் என்று தனியாக ஒன்று இல்லை, தேவையும் இல்லை. திரை கட்டிய ஜட்காக்கள் போய்விட்டன. அதற்காக நான் வருத்தப்பட மாட்டேன். கடை இருந்த சந்தில் செல்போன் விற்கிறார்கள். அத்தா இல்லை, ஜுலைகா இல்லை. ரோஸி டீச்சர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனவர், வருஷா வருஷம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், ஒரு வருஷம் கடிதம் நின்றுபோயிற்று. மாமாவின் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டு ஆளுக்கொரு ஊராகப் போனார்கள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக உப்பிலியபுரம் போனேன். பஸ் கொள்ளிடத்தைத் தாண்டி அரை மணிகூட ஆகவில்லை, கண்டக்டர் "மண்ணச்சநல்லூர் எறங்கு" என்று குரல் கொடுத்தார். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்து, "நீங்க இங்க எறங்கணுங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லப்பா" என்றேன். "இங்க இப்ப யாரும் இல்ல."